கண் கூசாத வெளிச்சம்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் வேலை நாள் பொழுது விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பொன்னேரியிலிருந்து மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு செல்லும் ஏறத்தாழ 20 கி.மீ. சாலையில் அந்நேரத்தில் மீன் வண்டிகள் ஓடுகின்றன. சைக்கிளில் செல்வோரும், கூடையுடன் நடந்து செல்லும் பெண்களும் அதே சாலையைத்தான் பயன்படுத்துகின்றனர். தெருவிளக்கு இல்லாத இடங்களில் அவர்களது உயிருக்குக் காவல், எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு மட்டுமே.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் கார் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். ஓட்டுநர்கள் 'டிம்' என்று அழைக்கும் தாழ்ந்த ஒளி, நல்ல நிலையில் சுமார் 50 மீட்டர் வரை ஆளைத் தெளிவாகக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியிருப்பது 5 மீட்டர்தான்.

இந்த 5 மீட்டரைத்தான் கடற்கரையின் உப்புக்காற்று அரித்துவிடுகிறது. பல்பைத் தாங்கும் ஹோல்டரிலும், வண்டியின் உடலோடு இணையும் எர்த் முனையிலும் பச்சைக் களிம்பு பூத்தால் மின்னோட்டத்துக்குத் தடை கூடும். பல்பைச் சேரும் மின்னழுத்தம் குறையும். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். ஒளி அந்த அளவு குறையும்போது, 50 மீட்டரில் தெரிந்த ஆள் ஏறத்தாழ 42 மீட்டரில்தான் தெரிவார். கார் நிற்கத் தேவையான தொலைவோ 45 மீட்டர். உரசி நீக்கக்கூடிய ஒரு களிம்புக்கு இத்தனை பெரிய விலை.

வெளிச்சம் மங்கியதும் பலர் நேராகக் கடைக்குச் சென்று 100 வாட் பல்பு கேட்கின்றனர். நோய் ஒன்று, மருந்து வேறு. நம் கார்கள் பலவற்றில் உள்ள எச்-4 வகை பல்பில் இரண்டு இழைகள் உண்டு: 'பிரைட்' என்னும் தூர ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். எச்-7, எச்-11 போன்றவை ஒற்றை இழை கொண்ட 55 வாட் பல்புகள். வண்டியின் கம்பிகளும் ஹோல்டரும் இந்த அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் பல்பைப் பொருத்தினால் கம்பியில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஹோல்டர் உருகவும், தீப்பற்றவும் வழியுண்டு.

நீலச் சாயம் பூசிய பல்புகள் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. ஹாலஜனுக்கென அமைந்த விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் சரியன்று. எச்-4 பல்பில் தாழ்ந்த ஒளி இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. ஒளி மேலெழாமல் தடுப்பது அதன் வேலை. இழை இருக்கவேண்டிய இடம் இம்மியளவு பிசகினாலும், சாலையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். உற்பத்தியாளரின் வடிவமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. முகப்பு விளக்கின் ஒளி, 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி.

எனவே பல்பு வாங்குவதற்கு முன் வண்டியின் கையேட்டிலோ, பழைய பல்பின் அடிப்பகுதியிலோ பொறித்துள்ள வகையையும் வாட் அளவையும் பார்த்து, அதையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டு விளக்குகளின் பல்புகளையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஒன்றின் ஆயுள் முடிந்தால் மற்றதன் ஆயுளும் முடியும் தறுவாயில் இருக்கும்.

மாற்றும் வேலை பெரும்பாலான கார்களில் கடினமன்று. எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, பல்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, மின் இணைப்பை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பல்பு கையோடு வந்துவிடும். புதிய பல்பை அதன் உலோக அடிப்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால், அந்த இடம் மட்டும் மிகையாகச் சூடேறி பல்பு வெடிக்கக்கூடும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம். இணைப்பு முனைகளில் உள்ள களிம்பை அப்போதே நீக்கிவிட வேண்டும். ரப்பர் மூடியை இடைவெளியின்றிப் பொருத்துவது எங்கும் தேவை, ஏரிக்கரையில் கட்டாயம்.

பல்பை மாற்றியபின் ஒளியின் சாய்வைச் சரிபார்க்காவிட்டால் வேலை அரைகுறைதான். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. கீழே விழ வேண்டும். பின்பக்கம் ஐஸ் பெட்டிகளும் மீனும் ஏற்றினால் வண்டியின் மூக்கு நிமிரும். ஒளியும் நிமிர்ந்து எதிரே வருபவரைத் தாக்கும். பல கார்களில் இதைச் சரிசெய்ய ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலேயே ஒரு திருகு இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் செய்யும் செயலின் நன்மை அவருக்கும், அதன் செலவு பிறருக்கும் போய்ச் சேரும் நிலை அது. மிகை வெளிச்சம் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எனக்குச் சாலை பளிச்சென்று தெரிகிறது. எதிரே வரும் சைக்கிள்காரருக்குச் சில விநாடிகள் ஒன்றுமே தெரிவதில்லை. அவரும் கார் வாங்கினால் என்னைவிடக் கூடுதல் வாட் தேடுவார். முடிவில் எல்லோரிடமும் வெளிச்சம் இருக்கும். எவருக்கும் பார்வை இருக்காது.

இதற்கான தீர்வின் இலக்கணம் பழவேற்காட்டு மக்களுக்குப் புதிதன்று. யார், எப்போது, எந்த இடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் அந்த ஏரியில் நெடுங்காலமாக உள்ளது. அதிலும் பூசல்கள் உண்டு. ஆயினும் பொதுவளத்தை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அள்ளினால் எல்லோருக்கும் இழப்பு என்ற அறிவு அதன் அடித்தளம். சாலையின் இருட்டும் அப்படியொரு பொதுச்சொத்துதான்.

சரக்கு வண்டிகளுக்குக் குறித்த கால இடைவெளியில் தகுதிச் சான்று தேவை. சொந்தக் காருக்கோ பதிவு செல்லுபடியாகும் 15 ஆண்டுகளுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை ஏதுமில்லை. புகைச் சோதனைக்காக ஒவ்வொரு காரும் எப்படியும் ஒரு நிலையத்துக்குச் செல்கிறது. அங்கேயே முகப்பு விளக்கின் வாட் அளவையும் ஒளிச் சாய்வையும் பார்த்துவிட வகைசெய்தால் என்ன? கடலோர வட்டங்களில் போக்குவரத்துத் துறை ஆண்டுக்கு ஒருமுறை விளக்குச் சோதனை முகாம் நடத்தலாம். களிம்பைச் சுரண்டும் உப்புத்தாளும் சில நூறு ரூபாய் பல்பும்தான் செலவு. விடியலுக்கு முன் மீன்கூடையுடன் நடக்கும் ஒரு பெண் பத்திரமாக வீடு திரும்புவதற்கு, அது அதிகமான செலவு ஆகாது.