சாவி வைத்திருப்பவரைச் சோதிப்பது யார்?

மாணவர்களே, உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறு நீங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கடவுச்சொல் திருடு போனால் ஐந்து நிமிடத்தில் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதியை என்ன செய்வது?

2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருப்பது தெரியவந்தது. லோயாட்.நெட் என்ற தொழில்நுட்பத் தளம்தான் முதலில் அதை வெளிப்படுத்தியது. அன்றைய மக்கள் தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பதால் கணக்கு அப்படி வந்தது. பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கோப்புகள் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆக, மூன்று ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியாது!

இப்படி ஒரு செய்தி வந்ததும் எல்லாரும் முகமூடி போட்ட ஊடுருவியைத்தான் கற்பனை செய்கிறோம். திரைப்படம் செய்த வேலை அது. தகவல் முறைக் கணக்காய்வாளர் வேறு இடத்திலிருந்து தொடங்குவார். இந்தக் கட்டடத்துக்கு எத்தனை சாவிகள்? யார் யாரிடம் இருக்கின்றன? வேலையை விட்டுப் போனவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா?

மைசெஜாத்ரா உங்களுக்கு நினைவிருக்கும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை வாங்கப் போனாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளித் துணி எடுக்கப் போனாலும் வாசலில் அதைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தோம். தடுப்பூசிப் பதிவும் அதில்தான் இருந்தது. அந்தச் செயலியைத் தேசியக் கணக்காய்வுத் துறை ஆராய்ந்தது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் ஒரு 'சூப்பர் அட்மின்' கணக்கு வழியாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டியது.

சூப்பர் அட்மின் என்பது எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவி. அதைப் பயன்படுத்துபவர் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, முறைப்படியே நுழையலாம். அதனால் தீச்சுவர் என்னும் தடுப்பு மென்பொருள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த இடத்தில் பயனில்லை. 30 லட்சம் பதிவுகள் ஒரே கணக்கு வழியாக வெளியே போகும்போது யாருக்காவது எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டாமா? என் கேள்வி அதுதான்.

பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கணினி தானாக எழுதும் பதிவேட்டை வைத்துத்தான். யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து நுழைந்தார், எதை எடுத்தார் என்று வரி வரியாக அதில் இருக்கும். ஆனால் சூப்பர் அட்மினால் அந்தப் பதிவேட்டையும் திருத்த முடிந்தால்? கணிதம் இங்கே கைகொடுக்கிறது. ஒரு தாளில் நீங்களே செய்து பார்க்கலாம்.

பதிவேட்டில் மூன்று வரிகள்: 8 மணிக்கு 12 பதிவுகள், 9 மணிக்கு 30, 10 மணிக்கு 7 எடுக்கப்பட்டன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை எண் போடுவோம். முந்தைய வரியின் சோதனை எண்ணை மூன்றால் பெருக்கி, இந்த வரியின் எண்ணிக்கையைக் கூட்டி, 97ஆல் வகுத்து மீதியை எழுத வேண்டும். முதல் வரிக்கு முன்னால் எதுவும் இல்லை, ஆகவே 12. இரண்டாவது, 36 கூட்டல் 30, அதாவது 66. மூன்றாவது, 198 கூட்டல் 7, 205; மீதி 11. இப்போது ஒருவர் திருட்டுத்தனமாக 30ஐ 3 ஆக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரி 39 ஆகும், மூன்றாவது 124, மீதி 27. பழைய 11ஐக் கணக்காய்வாளர் தனியே குறித்து வைத்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கவனியுங்கள், அந்த 11 சூப்பர் அட்மினின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் 27 என்று மாற்றிவிட்டுப் போய்விடுவார். உண்மையான அமைப்புகளில் எஸ்எச்ஏ-256 போன்ற மிகக் கடினமான வாய்பாடு பயன்படுகிறது. அடிப்படை யோசனை இதுவே.

சட்டத்துக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமைச்சைக் கட்டுப்படுத்தாதது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 26இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் சேர்த்துக்கொண்டது. மின்சாரம், தண்ணீர், வங்கி, சுகாதாரம், போக்குவரத்து என 11 துறைகளின் முக்கிய அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்காய்வும் செய்தாக வேண்டும். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் முதல்கட்ட விவரங்களைத் தெரிவிக்க வேண்டும்.

ஏழே மாதத்தில் சோதனை வந்தது. 2025 மார்ச் 23இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. ஊடுருவிகள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டதாகவும் தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். பணியாளர்கள் விமான நேரங்களை வெண்பலகையில் எழுதிக் காட்டும் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். கணினி படுத்துவிட்டால் கையால் செய்ய வழி இருக்கிறதா என்பதும் கணக்காய்வாளர் கேட்கும் கேள்விதான். காப்பு நகல் இருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கமாட்டார். கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது, காட்டுங்கள் என்பார்.

இந்த வேலையை நீங்கள் இன்றே தொடங்கலாம். உங்கள் பள்ளிக் கழகத்தின் வாட்சாப் குழுவையும் கூகள் கோப்புகளையும் திறங்கள். நிர்வாகிகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண் பட்டியல் அங்கே கிடக்கிறதா? போன ஆண்டு எஸ்பிஎம் முடித்துவிட்டுப் போன அண்ணன் இன்னும் நிர்வாகியாக இருக்கிறாரா?