ஸ்குரூஜிடம் ஆங்கிலம் படிக்கலாம்

1978-இல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலருக்கு 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலைப் படிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து உருவிய 241 விசித்திரச் சொற்கள் அதில் விரவிக் கிடக்கின்றன. அருஞ்சொற்பொருள் தரவில்லை, சொற்களைக் கேட்கப்போவதாகவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து 90 சொற்களுக்குப் பொருள் கேட்டால், சராசரியாக 76 சதவீதம் சரியாக வந்தது!

கதைக்குள் அப்படி என்ன நடக்கிறது? சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' குறுநாவலை எடுத்துக்கொள்வோம். 1843 டிசம்பர் 19-இல் லண்டனில் வெளிவந்து, முதல் 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முன்பே விற்றுத் தீர்ந்த நூல். கஞ்சன் ஸ்குரூஜை அறிமுகப்படுத்தும்போது டிக்கன்ஸ் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். பிழிவது, சுரண்டுவது என்று எல்லாமே கை செய்கிற வேலைகள். அந்த வரிசையின் வாலில் 'கவெட்டஸ்' என்றொரு சொல். பிறர் பொருள்மீது பேராசை கொண்டவன் என்று அகராதி சொல்லும். அதைப் புரட்டாமலே பாதி புரிந்துவிடுகிறது. குளிரில் நடுங்கும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு அடுப்புக்கரி கொடுக்கவும் அந்த ஆளுக்கு மனம் வராததைப் பார்த்ததும் மீதியும் புரிகிறது. எந்தச் சொற்பட்டியலாலும் இதைச் செய்ய முடியாது என்பது என் கட்சி.

ஊகம் காலை வாரிவிடுவதும் உண்டு. மேலங்கி இல்லாத அந்தக் குமாஸ்தா 'கம்ஃபர்ட்டர்' அணிந்திருக்கிறார். இன்றைய அமெரிக்கக் கடைகளில் அது கனத்த மெத்தைப் போர்வை. டிக்கன்ஸ் சொல்வதோ கழுத்தில் சுற்றும் கம்பளித் துணி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கிளாக்வொர்க் நாவலில் ஒவ்வொரு விசித்திரச் சொல்லும் சராசரியாக 15 முறை வருகிறது. சாதாரண நூல்கள் அப்படியல்ல. எந்த நூலிலும் உள்ள வெவ்வேறு சொற்களில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். கடினமான சொற்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். வாசிப்பில் எதிர்ப்படும் புதுச் சொற்களில் சுமார் 15 சதவீதமே மாணவர் மனதில் தங்குவதாக 1999-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

சொற்கள் மனதில் தங்குவதில் தூக்கத்துக்கும் பங்குண்டு. டூமே, காஸ்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய சொற்களின் சாயலில் இட்டுக்கட்டிய சொற்களைச் சிலருக்குக் காலையிலும் சிலருக்கு மாலையிலும் கற்பித்தார்கள். 12 மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, இடையில் தூங்கி எழுந்தவர்களிடம் மட்டுமே புதுச் சொற்கள் பழைய சொற்களோடு போட்டி போடத் தொடங்கியிருந்தன, அதாவது மனதின் சொற்களஞ்சியத்தில் இடம்பிடித்திருந்தன.

ஆகவே ஒரே மூச்சில் படித்து முடிப்பது வீண். துணையின்றி ஒரு நூல் புரிய அதன் சொற்களில் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். டிக்கன்ஸ் அந்த அளவுக்குக் கைவரவில்லையென்றால் சுருக்கப் பதிப்பில் தொடங்குவதில் வெட்கம் வேண்டாம். கதை ஐந்தே பகுதிகள்தான். மாலைக்கு ஒன்றாகப் படியுங்கள். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாமல், உறுத்துகிற சொல்லின் கீழ் பென்சிலால் கோடிட்டுவிட்டு நகருங்கள். மறுவாரம் திரும்பப் படிக்கையில், இன்னும் பிடிபடாதவற்றை மட்டும் அகராதியில் தேடுங்கள். காப்புரிமை முடிந்த நூல். குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.