வளையும் மின்கலம்

உடலில் அணியும் மருத்துவக் கருவிகள் பெருகிவரும் இந்நாளில், உடலோடு வளையும் மின்கலம் நமக்கு வேண்டியதாயிற்று. 1991ஆம் ஆண்டு யப்பானிற் சந்தைக்கு வந்த இலிதியம் அயன் மின்கலத்தின் எதிர் மின்வாய், செப்புத் தாளிற் பசையால் ஒட்டிய காபன் தூளாகும். பன்முறை மடிப்பின் அது வெடித்து உதிரும்.

அறிஞர் இதற்கு நூற்பை நாடினர். அக்கிரிலிக் நூலுக்குரிய பல்பகுதியத்தைக் கரைத்து, உயர் மின்னழுத்தத்தால் இழுத்து, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகளாகத் துணிபோற் படியவைப்பர். அதனைக் காற்றில் ஏறத்தாழ 250 செல்சியசுப் பாகையிலும், பின்னர் நைதரசனில் 800 பாகைக்கு மேலும் சூடாக்க, காபன் இழைகளே எஞ்சும். பசையும் செப்புத் தாளும் வேண்டா. துணியே இலிதியத்தை ஏற்கும், மின்னையும் கடத்தும்.

ஆயினும், மறு மின்வாயும் மின்பகுபொருளும் உறையும் உடன் வளைந்தாலன்றோ மின்கலம் வளையும்!