எந்த வீட்டுத் தபேலா?

"எனக்கு டெல்லி கரானா!" என்று போனில் பெருமையாகச் சொன்னேன். மறுமுனையில் மனைவி அலறினாள்.

"ஐயையோ, மறுபடியுமா? மாஸ்க் போட்டீங்களா? டாக்டரைப் பார்த்தீங்களா?"

"அது கொரோனா, தாயே! இது கரானா!"

'கர்' என்றால் இந்தியில் வீடு. ஒரு வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் வாசிப்புதான் கரானா. நம்ம ஊர் மிருதங்கத்தில் தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்கிறோமே, அந்த மாதிரி. தபேலாவுக்கு ஆறு வீடு: டெல்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப்.

ஆபீஸ் என்னை டெல்லிக்குத் தூக்கியடித்ததில் சாயங்காலங்கள் சும்மா கிடந்தன. பழைய டெல்லியில் ஒரு உஸ்தாதிடம் போய் உட்கார்ந்தேன். முதல் மூன்று மாதம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். மோதிர விரலுக்கு, தோல் மேல் சாய்ந்து கிடக்கிற கெளரவ உத்தியோகம்! தபேலாவின் விளிம்பில் 'டிங்' என்று துல்லியமாக விழ வேண்டும். 18-ம் நூற்றாண்டில் சித்தார் கான் ஆரம்பித்த வீடு இது. கத்திப் பேசுகிற பழக்கமே கிடையாது.

கத்த வேண்டுமென்றால் பனாரஸ் போக வேண்டும். 'ஷோலே' (1975) படத்தில் பசந்தியின் குதிரை வண்டியைக் கொள்ளைக்காரர்கள் துரத்துவார்களே... அங்கே கூடவே பாய்ந்து வருகிற தபேலா, பனாரஸ் சாம்தா பிரசாத்துடையது. லக்னோவில் கதக் ஆடுகிற கால்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்ததால் உள்ளங்கையும் களத்தில் இறங்கியது. அஜ்ராடா, மீரட் பக்கத்துக் கிராமம். அவர்கள் வாசிப்பில் இடது கை குழைந்து குழைந்து பேசும். பஞ்சாப்காரர்கள் பகாவஜ் வழியில் வந்த கணக்குப் புலிகள். அல்லா ரக்கா, 2024 டிசம்பரில் மறைந்த அவர் மகன் ஜாகிர் உசேன் எல்லாம் அந்த வீடு.

எனக்குப் பிடித்தது ஃபரூக்காபாத் கதைதான். ஹாஜி விலாயத் அலி கான், லக்னோ பக்ஷு கானின் மகளைக் கட்டிக் கொண்டார். சீர்வரிசை என்ன தெரியுமோ? 'கத்' என்கிற சொற்கட்டுகள்! அப்படித்தான் சொல்கிறார்கள். மாமனாரிடம் பைக் கேட்டு முறுக்கிக் கொள்ளும் மாப்பிள்ளைகள் கவனிக்க.

இத்தனை தெரிந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒரு நாள் உஸ்தாத் ஒரு பழைய காயிதா வாசித்தார் (ஒரே ஒரு வரியில் தொடங்கி விரித்துக் கொண்டே போகிற ரகம்). சட்டைப்பையில் செல்போனை ரெக்கார்டில் போட்டு வைத்தேன். நேரம் பார்த்து மனைவியின் போன்! பை பாட ஆரம்பித்து விட்டது. அவசரமாக வெளியே எடுத்தால், திரையில் சிவப்புப் புள்ளி...

அவர் திட்டவில்லை. தபேலாவைத் துணியால் மூடினார்.

"எங்க தாத்தா இதைச் சாதகம் பண்றப்போ ஜன்னலைச் சாத்திடுவார் பேட்டா. தெருவிலே போறவன் காதிலே விழுந்துடக் கூடாதுன்னு."

"மன்னிச்சுடுங்க உஸ்தாத்ஜி. ஆனா... திரக்வா சாகிப் 1976-லேயே போயிட்டார். ரெக்கார்டு இருக்கிறதாலேதானே அவரை இன்னிக்கு நான் கேட்க முடியுது?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. டீ ஆறியது.

"அவர் எல்லாரும் கேட்கட்டும்னு வாசிச்சுக் கொடுத்தார். நீ என்னைக் கேட்டியா?"

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். துணியை எடுத்தார். அதே காயிதா, முதல் வரி. நூறு தடவை வாயால் சொல்ல வைத்தார்.

"இப்போ விரல்லே ஏத்து. அங்கேயிருந்து யாராலேயும் அழிக்க முடியாது."

ஆறு வாரமாக அந்த ஒரு வரிதான். ஆபீஸ் மேஜையிலும் அடித்துப் பார்க்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் நேற்று காதுக்குப் பஞ்சு வாங்கி வந்து விட்டார்.