'ஒய்த': கண்டமையும் அறிந்தமையும்

கிரேக்க மொழி பயிலத் தொடங்கும் மாணவனுக்கு இடர்ப்பாடு விளைக்குஞ் சொற்களுள் 'ஒய்த' என்னும் வினையும் ஒன்று. 'அறிவேன்' என்பது அதன் பொருள். பொருளால் நிகழ்காலத்துக்குரிய இவ்வினை, வடிவால் நிறைவுகாலத்துக்கு உரியது. இதனை ஒழுங்கற்ற வினையென்று குறித்து வைத்து, மாணவன் வாய்பாட்டை நெட்டுருப்பண்ணி அப்பாற் செல்கின்றான். அவன் இழப்பது சிறிதன்று.

கிரேக்கத்தின் நிறைவுகாலம் செயல் முடிந்தமையை மாத்திரம் உணர்த்துவதன்று. அச்செயலின் பயனாய் இப்பொழுது நிலவும் நிலையையே அது முதன்மையாகச் சுட்டும். 'தெத்னேக்கெ' என்பது, இறந்துபோய் இப்பொழுது உயிரற்ற நிலையில் உள்ளான் என்பதாம். அவ்வாறே 'ஒய்த' என்பதன் வேர்ப்பொருள் காண்டல். கண்டு முடித்தேன், ஆதலின் அறிவேன். அதே வேரிலிருந்து பிறந்த 'எய்தொன்' என்னும் வடிவம் இன்னும் 'கண்டேன்' என்றே பொருள்படும்.

வடமொழி கற்றோர்க்கு இச்சொல் அயலாரன்று. சொன்முதலில் நின்ற வகரவொலி ஏதென்சு வழக்கிலே மறைந்தது. ஓமரின் யாப்பிலே அதன் சுவடு பல இடங்களிற் புலப்படும். அதனை மீட்டு வைத்துப் பார்ப்பின், 'ஒய்த' என்பதும் வடமொழியின் 'வேத' என்பதும் ஒரே சொல்லாதல் தெளிவு. 'அறிவோம்' என்பதற்குக் கிரேக்கர் 'இஸ்மென்' என்றனர். வடமொழியார் 'வித்ம' என்றனர். பன்மையில் வேருயிர் இகரமாய்க் குறுகுவது இரண்டிற்கும் பொது. நிறைவுகால வினைகள் பெரும்பாலும் முதலெழுத்து இரட்டித்து வரும்; இவ்விரண்டும் இரட்டியா. பொதுவிதிக்கு மாறான இவ்வியல்பு இரு மொழியிலும் ஒருங்கே காணப்படுதல் தற்செயலாகாது. வேதம் என்னும் பெயரும் இவ்வேரினதே.

ஆகவே, கண்ணை நம்பிய கிரேக்கரே அறிவைக் காட்சியாக்கினர் என்று இச்சொல்லைக் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. அவ்வுறவு கிரேக்க மொழி தனித்துப் பிரியுமுன்னரே அமைந்தது. எனினும் கிரேக்கர் அதனை மறந்தாருமல்லர். சோபோக்கிளிசின் நாடகத்திலே கண்ணுடைய இடிப்பசு தன்னை யாரென அறியான். குருடனாகிய தைரீசியசு அறிவான். இடிப்பசு என்னும் பெயர்க்கு 'வீங்கிய பாதத்தான்' என்பதே பொருளெனினும், அதன் முற்பகுதியிலே 'ஒய்த' என்னும் ஒலி கிரேக்கர் செவிக்குக் கேளாதிராது. உண்மையை அறிந்த கணத்தில் அவன் தன் கண்களையே குத்திக்கொள்கின்றான்.

அரித்தோட்டிலின் 'மெய்ப்பொருளியல்' தொடங்குவதும் இவ்வினையைக் கொண்டே. அறிய விரும்புதல் மாந்தர்க்கு இயற்கை என்பது அவர் முதற்கூற்று. அதற்குச் சான்றாக அடுத்து அவர் காட்டுவது, மக்கள் தம் புலன்களுள் பார்வையையே மிக விரும்புகின்றனர் என்பதை.