டயட் கோலாவை விட்டால் எடை குறையுமா?

சர்க்கரை இல்லை, கலோரியும் இல்லை. அப்புறம் ஏன் டயட் கோலாவைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

முதலில் கணக்கு. சாதாரண கோலா 330 மி.லி. கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. டயட் கேனில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆக, அதை நிறுத்துவதால் மட்டும் உள்ளே போகும் கலோரி குறையப்போவதில்லை.

ஆனாலும் எடை குறைகிறது என்றது ஈரானில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு. எடைக்குறைப்பு டயட்டில் இருந்த 62 பெண்களில் ஒரு குழு மதியச் சாப்பாட்டுக்குப் பின் டயட் பானம் குடித்தது, இன்னொரு குழு தண்ணீர். 24 வாரத்தில் தண்ணீர் குழு குறைத்தது 8.8 கிலோ, டயட் பானக் குழு 7.6 கிலோ. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இருந்து நேர்மாறான முடிவு வந்தது. 303 பேரை ஓராண்டு கவனித்ததில், டயட் பானம் குடித்தவர்கள் 6.2 கிலோ குறைந்தார்கள், தண்ணீர் குடித்தவர்கள் 2.5 கிலோதான். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்!

எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைந்தாலும், ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தானே டயட் பானத்தைத் தேடிப் போவார்கள்? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். அதனால் இது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரைதான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

அவர்களை வைத்து நடந்த ஆய்வு சென்னையிலேயே இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 179 பேருக்கு 12 வாரம் நடத்தி, 2024-ல் வெளியிட்டது. டீ, காபியில் சர்க்கரைக்குப் பதிலாக சுக்ரலோஸ் சேர்த்தவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் லேசாகக் குறைந்தன. மூன்று மாத சராசரி சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

விஷயம் இதுதான்: டயட் பானம் எதன் இடத்தைப் பிடிக்கிறது, அதை விட்டால் அந்த இடத்துக்கு எது வருகிறது? ஜீரோ கேனை நிறுத்திவிட்டு பாட்டில் ஜூஸுக்குப் போனால் எடை ஏறத்தான் செய்யும். தண்ணீரும் மோரும் பாதுகாப்பானவை. கொடைக்கானல் ட்ரிப் போகிறவர்களுக்கு மலையடிவாரத்திலேயே, அய்யம்பாளையம் பக்கம், தென்னந்தோப்புகள் இருக்கின்றன. 300 மி.லி. இளநீரில் 60 கலோரி வரை இருக்கும். கோலாவில் பாதிகூட இல்லை, ஆனால் ஜீரோவும் இல்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், அதிலுள்ள பொட்டாசியம் காரணமாக, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

தினமும் மூன்று, நான்கு கேன் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். டயட் கோலாவிலும் காஃபின் உண்டு. திடீரென விட்டால் ஓரிரு நாள் தலைவலி படுத்தும். வாரத்துக்கு ஒரு கேன் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம்.