மழை முன்னறிவிப்புகளும் பத்திரிகைத் தலைப்புகளும்

ஆண்டுதோறும் சித்திரை பிறக்கும் சமயத்தில், வரவிருக்கும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிய முன்னறிவிப்புகள் பத்திரிகைகளில் வெளியாகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒன்று கூறுகிறது. ஸ்கைமெட் என்னும் தனியார் நிறுவனம் வேறொன்று கூறுகிறது. இரண்டையும் படித்த நமது அங்கத்தினர், "படித்தவர்களே இப்படி முரண்பட்டால் நாம் எதை நம்புவது?" என்று கேட்கின்றார். கேள்வி நியாயமானதே. ஆனால் முரண்பாடு முன்னறிவிப்பில் இருக்கிறதா, அன்றித் தலைப்பில் இருக்கிறதா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 10-ந் தேதி ஸ்கைமெட், மழை சராசரியில் 94 சதவிகிதம் இருக்கும் என்றது. மறுநாள் வானிலைத் துறை 96 சதவிகிதம் என்றது. பத்திரிகைகளில் முன்னது "இயல்புக்குக் குறைவு" என்றும், பின்னது "இயல்பான மழை" என்றும் வெளியாயின. காரணம் யாதெனில், 96 முதல் 104 வரை இயல்பு என்றும், 90 முதல் 95 வரை குறைவு என்றும் வகுத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இப்புறம் ஓர் எண்ணும் அப்புறம் ஓர் எண்ணும் விழுந்தன, அவ்வளவுதான். நான்கு மாதச் சராசரி 87 சென்டிமீட்டர். அதில் இரண்டு சதவிகிதம் என்பது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு மாலை நேரத்து மழை அதை ஈடு செய்துவிடும்.

மேலும், இருவருமே தங்கள் கணக்கில் ஐந்து சதவிகிதம் கூடவோ குறையவோ செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதாவது ஒருவர் சொன்னது 89 முதல் 99 வரை; மற்றவர் சொன்னது 91 முதல் 101 வரை. பெரும்பகுதி இருவருக்கும் பொதுவே. தலைப்பில் இந்த ஐந்துக்கு இடம் கிடைப்பதில்லை.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. வானிலைத் துறை அன்று வெளியிட்ட அட்டவணையில், மழை இயல்பாக இருக்க 35 சதவிகித வாய்ப்பும், குறைவாக இருக்க 29 சதவிகித வாய்ப்பும், மிகக் குறைவாக இருக்க 22 சதவிகித வாய்ப்பும் காட்டப்பட்டிருந்தன. பின்னிரண்டையும் கூட்டினால் 51. தனித்தனியே பார்க்கையில் இயல்பு என்னும் பிரிவே பெரிது. ஆயினும் மழை இயல்புக்குக் கீழே போகும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்று துறையே ஒப்புக்கொண்டிருந்தது! "இயல்பான மழை" என்ற இரண்டு சொற்களில் இது எப்படித் தெரியும்? பருவ முடிவில் பெய்தது 94 சதவிகிதம்.

இதைக் கொண்டு தனியார் நிறுவனமே சரி என்று முடிவு கட்டுவதும் தவறாகும். 2015-இல் ஸ்கைமெட் 102 என்றது, வானிலைத் துறை 93 என்று தொடங்கி ஜூன் மாதத்தில் 88 எனத் திருத்தியது, பெய்தது 86. 2019-இல் முறையே 93, 96 என்றார்கள், பெய்ததோ 110. நமது நாட்டில் இந்த முயற்சி தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின் தொடங்கியது. இமயத்துப் பனியைக் கணக்கிட்டு ப்ளான்போர்டு என்பவர் 1886-இல் முறையான முன்னறிவிப்பை வெளியிட்டார். அன்று முதல் அறிவு வளர்ந்திருக்கிறது. கடலும் காற்றும் முழுவதும் கைவசப்பட்டுவிடவில்லை.

நமக்கு வேறொரு சங்கடமும் உண்டு. மேற்சொன்ன எண்கள் நாடு முழுமைக்குமான சராசரி. 2023 ஜூலையில் மழை சராசரிக்கு 13 சதவிகிதம் அதிகம். ஆகஸ்டில் 36 சதவிகிதம் குறைவு, 1901 முதல் கண்ட ஆகஸ்டுகளில் அதுவே மிக வறண்டது. கூட்டிக் கழித்தால் 94 என்று சாதுவாக நிற்கிறது. குடகில் மழை தவறியதால், ஜூன் 12-ந் தேதி திறந்த மேட்டூர் நீர் குறுவைக்குப் போதவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. சித்திரைத் தலைப்பு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஐப்பசியில் குழித்தறியில் நீர் ஊறுமா, கஞ்சி போட்ட பாவு தெருவில் உலருமா என்பதையும் அதிலிருந்து நெசவாளர் அறிய முடியாது. குஜராத்திலும் விதர்ப்பாவிலும் பருத்திக்கு மழை உண்டா என்று பார்த்தால் நூல் விலையைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம்.

ஆகவே முன்னறிவிப்பைப் படிக்கும்போது, எந்தப் பகுதிக்கு, எந்த மாதங்களுக்கு, எவ்வளவு கூடுதல் குறைவுடன் என்று பார்க்க வேண்டும். விதைப்பதற்கும் மருந்து தெளிப்பதற்கும் வேண்டியது, செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையே. சங்கக் காரியதரிசிகள் அதை விளம்பரப் பலகையில் ஒட்டி வைத்தால் பெரிய உபகாரமாகும்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 முதல் கடன் பெறும் அங்கத்தினருக்கு இது கட்டாயமன்று. வேண்டாமெனில் சேர்க்கைக் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்கலாம். சம்பா நெல்லுக்கு அங்கத்தினர் செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். "இயல்பான மழை" என்ற தலைப்பை நம்பி அந்தக் கடிதத்தில் கையெழுத்திட எண்ணுபவர், அதற்கு முன் 51 என்ற எண்ணைச் சற்று நினைத்துப் பார்ப்பாராக.